உடைந்த கிளையில் இரண்டு கண்கள்

"அங்கதான் சார் இருக்கு" என்றார் பெரியவர்.

எனக்கும் அந்தக் கொடிப்புதருக்கும் நடுவே நாலு அடி இருந்தால் அதிகம். பார்த்தேன். காய்ந்த இலை, பச்சை இலை, பாதி அழுகிய இலை, கொடி, கொடியின் மேல் இன்னொரு கொடி. ஆனைமலையின் தாழ்வான பகுதியில் ஒரு காடு அது. மழை ஓய்ந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கணுக்காலில் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அதை மட்டும் தெளிவாகப் பார்த்தேன்.

"எங்கங்க ஐயா?"

"ஒடஞ்ச குச்சி ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குதுல்ல? அது குச்சியில்ல."

அப்போதும் குச்சிதான் தெரிந்தது. அவர் பொறுமைசாலி. காடர் குடியைச் சேர்ந்தவர். என்னைப் போல எத்தனையோ பேரை அழைத்து வந்து காட்டியிருப்பார். கையிலிருந்த புல்லை நீட்டி, குச்சியின் நுனிக்குக் கீழே ஒரு விரற்கடை இடத்தைக் காட்டினார். அங்கே கத்தியால் கீறியதுபோல ஒரு மெல்லிய கோடு. அது இமை. மூடியும் மூடாமலும் இருந்த ஒரு கண், அந்தக் கீற்றின் வழியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் தெரிந்ததும் மற்றவை தாமாக வந்து சேர்ந்தன. மேல்நோக்கித் தூக்கிய அகன்ற அலகு, அதன் அடியில் மீசைபோல முள்மயிர், மரப்பட்டை நிறத்தில் புள்ளியிட்ட மார்பு. அதை ஒட்டி உட்கார்ந்திருந்த 'சருகு' இன்னொன்று. செம்பழுப்பு நிறம், அது பெண். தவளைவாயன் இணை. ஒவ்வொன்றும் ஒரு மைனா அளவுதான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பறவை.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"நான் பறவையத் தேடலியே சார். கீழ பாருங்க."

கீழே ஓர் அகன்ற இலையின்மேல் வெள்ளை வெள்ளையாக எச்சம். பழையதன்மேல் புதியது. "தெனமும் ஒரே எடத்துலதான் ஒறங்கும். எச்சம் கெடந்தா மேல ஆள் இருக்குன்னு அர்த்தம்."

அதன் பிறகு ஈரக்காடுகள் சிலவற்றில் அலைந்திருக்கிறேன். ஆனைமலை, இலங்கையின் சிங்கராஜா, போர்னியோவின் சரவாக். புதிதாகக் கற்றுக்கொண்டது என்று பார்த்தால், அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான். விலங்கைத் தேடினால் கிடைக்காது. அது அங்கே இருப்பதற்கான காரணத்தைத் தேடவேண்டும். பழமா, பூச்சியா, உறங்குமிடமா, துணையா? காரணம் கிடைத்தால் விலங்கு தானே வரும், அல்லது ஏற்கெனவே அங்கே இருக்கும்.

வெப்பமண்டலக் காட்டுக்கு முதன்முறை போகிறவருக்கு ஏமாற்றம் நிச்சயம். உலகத்து உயிரினங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் என்று படித்திருப்பார். போய்ப் பார்த்தால் மரம், மரம், மரம். தொலைக்காட்சியில் ஆப்பிரிக்கப் புல்வெளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆயிரம் மான் ஒரே சட்டகத்தில் தெரியவேண்டும். புல்வெளியில் உணவு தரையில் இருக்கிறது. அதனால் தின்பவையும் தரையில், கூட்டமாக. மழைக்காட்டில் வெயில் விழுவது முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில். இலையும் பூவும் பழமும் அங்கேதான் உண்டாகின்றன. குரங்கும் அணிலும் இருவாச்சியும் அங்கேதான் குடியிருக்கின்றன. நாம் நடப்பது அந்த மாடிவீட்டின் நிலவறையில்.

இன்னொரு காரணம் கணக்குச் சார்ந்தது. சரவாக்கின் லாம்பிர் மலையில் 52 ஹெக்டேர் காட்டை அளந்து, மரங்களை எண்ணியிருக்கிறார்கள். அந்தச் சிறிய நிலத்தில் 1,100க்கும் மேற்பட்ட மர இனங்கள். ஆனால் இனம் பெருகினால் ஒவ்வோர் இனத்திலும் தலை குறையும். இருக்கும் இடம் அவ்வளவுதானே. மரத்துக்குச் சொன்னதே அதை நம்பி வாழும் பூச்சிக்கும் பறவைக்கும் பொருந்தும். மழைக்காட்டில் பெரும்பாலான இனங்கள் அரிதானவை. அரிதாக இருப்பதுதான் அங்கே சாதாரணம். போதாததற்குப் பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரவில் நடமாடுபவை. பகல் பத்து மணிக்கு, இட்லி சாப்பிட்டுவிட்டு, ஜீப்பில் வந்து இறங்குகிறவர் எதைப் பார்க்க முடியும்?

கண்ணெதிரே இருந்தும் தெரியாமல் போவதற்குத்தான் சுவையான விளக்கம் உண்டு. அதை முதலில் தெளிவாகச் சொன்னவர் ஓர் ஓவியர். அமெரிக்கரான அபட் தேயர், 1896இல் ஒரு கேள்வியை எழுப்பினார்: ஏன் இத்தனை விலங்குகளுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கிறது? ஓவியம் வரைகிறவருக்கு விடை கைப்பழக்கத்திலேயே இருந்தது. தட்டையான காகிதத்தில் ஓர் உருண்டையை வரைய வேண்டுமானால், மேலே வெளிச்சமும் கீழே நிழலும் தீட்டவேண்டும். அப்போதுதான் அது உருண்டையாகத் தெரியும். இயற்கை அதைத் தலைகீழாகச் செய்கிறது. வெளிச்சம் விழும் முதுகைக் கறுப்பாக்கி, நிழல் விழும் வயிற்றை வெளுப்பாக்கிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். உருண்டையான உடல் தட்டையாகிவிடும். ஆனைமலையில் மலை அணிலைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள, செம்மையும் கறுப்புமாக மின்னும் அணில். கிளையோடு ஒட்டிப் படுத்துவிட்டால் இருந்த இடம் தெரியாது. பிறகு தேயருக்குத் தன் கொள்கைமேல் மோகம் தலைக்கேறிவிட்டது. பூநாரை சிவந்திருப்பதே அந்திவானத்தில் மறையத்தான் என்று 1909இல் வெளிவந்த புத்தகத்தில் வாதாடினார். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் படித்துவிட்டுக் கேலி செய்தார். பூநாரை தவறு என்பதால் அணில் தவறாகிவிடாது.

நிறத்திலும் ஒரு சூட்சுமம். மனிதனுக்கும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் கண்ணில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காண்கிறோம். கடமானுக்கும் புள்ளிமானுக்கும் இரண்டே வகை. நமக்குத் தீக்கொழுந்தாகத் தெரியும் புலி, மானின் கண்ணுக்குப் புல்லின் நிறத்தில்தான் தெரிகிறது. பாலூட்டிகளால் பச்சை நிறமியை உண்டாக்க முடியாது; செம்மஞ்சளை உண்டாக்க முடியும். ஏமாற்றவேண்டிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றே என்றால், செம்மஞ்சளே போதும். இலைக்கூட்டத்தில் பழுத்த அத்திப்பழம் நமக்குப் பளிச்சென்று தெரிவதும், பழுப்பின்மேல் பழுப்பாக உட்கார்ந்திருக்கும் தவளைவாயன் தெரியாமல் போவதும் இந்தக் கண்ணின் வரவு செலவுதான்.

அப்படியானால் பெரியவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? அவர் கண் என் கண்ணைவிடக் கூர்மை என்று சொல்லமாட்டேன். பஸ் பலகையைப் படிக்க என்னிடம்தான் கேட்டார். நெதர்லாந்தின் பறவையியலாளர் லூக் டின்பர்கனின் ஆய்வு ஒன்று 1960இல், அவர் மறைவுக்குப் பின், வெளியானது. பைன் காட்டில் பட்டாணிக்குருவி வகைப் பறவைகள் தங்கள் குஞ்சுகளுக்கு எந்தப் புழுவைக் கொண்டுவருகின்றன என்று கணக்கெடுத்தார். ஒரு புதிய வகைப் புழு காட்டில் பெருகத் தொடங்கினால், முதல் சில நாட்கள் பறவைகள் அதைச் சீண்டுவதே இல்லை. பிறகு திடீரென்று அதையே அள்ளிக்கொண்டு வருகின்றன. புழு மறைவிலிருந்து வெளியே வந்துவிடவில்லை. பறவையின் மனத்தில் அதன் உருவம் பதிந்துவிட்டது. 'தேடுருவம்' என்று தமிழில் சொல்லலாம். பள்ளிக்கூட வாசலில் ஒரே சீருடையில் முந்நூறு பிள்ளைகள் வெளியே வரும்போது, நம் பிள்ளையை மட்டும் எப்படி ஒரு நொடியில் பிடித்துவிடுகிறோமோ, அதே வித்தை. அன்று ஒரு தவளைவாயனைப் பார்த்த பிறகு, திரும்பும் வழியில் கண்ட ஒவ்வோர் ஒடிந்த கிளையும் எனக்குத் தவளைவாயனாகத் தெரிந்தது. ஒன்றுகூட உண்மையில்லை. தேடுருவம் முதலில் அதிகமாகத்தான் வேலை செய்யும், பிறகு பக்குவப்படும்.

பழகிக்கொள்ள வேண்டிய பார்வை ஒன்று உண்டு. ஒன்றைக் குறிவைத்து உற்றுப் பார்க்காமல், பார்வையைத் தளரவிட்டுக் காட்டை மொத்தமாகப் பார்ப்பது. விழித்திரையின் நடுப்பகுதி நுணுக்கத்துக்கு, ஓரப்பகுதி அசைவுக்கு. பறக்கும் ஓணானை இப்படித்தான் பிடிக்கமுடியும். பாக்கு மரத்தின் சாம்பல் பட்டையில் அது ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதுவும் பட்டைதான். ஆனால் ஆண் ஓணான் சும்மா இருக்காது. தொண்டைக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் மஞ்சள் தாடியை அவ்வப்போது விசிறிபோல நீட்டி மடக்கும். பார்வை ஓரத்தில் மஞ்சளாக ஏதோ மின்னி மறையும். அங்கேயே நின்றுவிடவேண்டும்.

அடுத்த கணம் அது தாவும். நீண்ட விலா எலும்புகள் விரிய, அவற்றில் இழுத்துக் கட்டிய தோல் சிறகாகி, எதிர் மரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சிறகை அது எப்படித் திருப்பிக் கட்டுப்படுத்துகிறது என்பது வெகுகாலம் விளங்காமலே இருந்தது. 2017இல் ஜெர்மானிய ஆய்வாளர் டேலிங் மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணான்களைத் தொடர் படங்களாக எடுத்து வெளியிட்டார். படங்களில் விடை அப்பட்டமாக இருந்தது: தாவிய உடனே ஓணான் முன்னங்கைகளைப் பின்னால் வளைத்துத் தன் சிறகின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. வேட்டியின் இரு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு காற்றில் ஓடும் சிறுவனைப் போல. இறங்கும் முன் விட்டுவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு செயல். கேமரா ஒரு கணத்தை நிறுத்திக் காட்டியபோதுதான் தெரிந்தது. காட்டுயிர்ப் படம் என்றால் அழகு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஓணானைத்தான் காட்டுவேன்.

சிங்கராஜாவில் எனக்கு நேர்ந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் தென்மேற்கில், 1988 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் மழைக்காடு அது. அங்கே பறவை பார்ப்பதில் ஒரு விசித்திரம். இரண்டு மணி நேரம் நடந்தாலும் ஓர் இறகுகூட அசையாது. பிறகு பத்து நிமிடம் காடே பறவையாகிவிடும். மறுபடி மௌனம். பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்து ஒரே ஊர்வலமாக இரைதேடிப் போவதுதான் காரணம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சரத் கொட்டகமவும் அவருடைய கூட்டாளிகளும் 1980களிலிருந்து இந்தக் கூட்டங்களைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். சராசரியாக ஒரு கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இனங்கள், நாற்பது பறவைகள். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் சளசளவென்று பேசிக்கொண்டு முன்னால் இலைகளைக் கிளறிப்போகும். கலைந்து பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கக் கரிச்சான் பின்னால் வரும். கரிச்சான் சும்மா தின்பதில்லை. பருந்து வந்தால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். பல கண்கள் சேர்ந்து காவல் பார்ப்பதால் எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிடலாம். மற்ற பறவைகளின் குரல்களைக் கரிச்சான் அப்படியே போலி செய்து கூட்டத்தைச் சேர்த்துவைக்கிறது என்பதும் தெரியவந்திருக்கிறது. ஆகவே சிங்கராஜாவில் பறவையைத் தேடாதீர்கள். சிலம்பனின் சளசளப்பைக் கேளுங்கள்.

நான் கேட்டேன். வேனின் கதவைத் திறந்து கால் வைத்த நொடியிலேயே கேட்டது. கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தால் முழுக்கப் பால். இரண்டு மணி நேரம் ஏ.சி.யில் இருபது டிகிரிக்குக் குளிர்ந்த லென்ஸ். வெளியே இருபத்தாறு டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, லென்ஸ் வியர்த்துவிட்டது. துடைத்தால் மறுபடி வியர்த்தது. கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை துடைத்துப் பயனில்லை. கால்மணி நேரம் ஆனது. கூட்டம் பத்து நிமிடத்தில் போய்விட்டது. இப்போதெல்லாம் குளிரறையில் கேமராவை வைத்துக்கொள்வதில்லை. வைக்க நேர்ந்தால், வெளியே எடுக்கும் முன் பையை மூடியபடியே வைத்து, உள்ளே இருக்கும் காற்று மெதுவாகச் சூடாக விடுகிறேன். ஈரக்காற்று நேராகக் கண்ணாடியில் படாதவரை வியர்க்காது. ஊர் திரும்பியதும் சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டி. இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாக ஓடும்; அதற்குப் பிறகு பழுதுபார்ப்பவரின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

காரணத்தைத் தேடுவது என்றால் என் கணக்கில் முதலிடம் அத்திக்கு. ஆலும் அத்தியும் இச்சியும் ஒரு குடும்பம். மற்ற மரங்கள் பருவத்துக்குப் பழுக்கும். அத்திக் குடும்பத்தில் ஒரே காட்டில் ஒரு மரம் தையில் பழுத்தால் இன்னொன்று ஆடியில் பழுக்கும். இந்த ஒழுங்கின்மைக்குப் பின்னால் ஒரு குளவி இருக்கிறது. அத்தியின் பூ பழத்துக்குள்ளேயே பூப்பது. நுழைந்து மகரந்தம் சேர்ப்பது கடுகைவிடச் சிறிய ஒரு குளவி. அந்தக் குளவிக்கு வெளியே வந்தபின் ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் பூக்கத் தயாராக இருக்கும் வேறொரு மரம் வேண்டும். எல்லா அத்தியும் ஒரே மாதத்தில் பூத்தால் குளவி அழியும், குளவி அழிந்தால் அத்தி அழியும். அதனால் ஆண்டு முழுவதும் காட்டில் எங்கோ ஓர் அத்தி பழுத்தபடி இருக்கிறது. வேறு பழமே இல்லாத மாதங்களில் மொத்தக் காடும் அங்கே வந்து சாப்பிடுகிறது. பழுத்த அத்தியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காலை ஆறு மணிக்குப் போய், சற்றுத் தள்ளி, முதுகை ஒரு மரத்தில் சாய்த்து உட்கார்ந்துவிடுங்கள். பச்சைப்புறா வரும், குக்குறுவான் வரும், மலை அணில் வரும். சிங்கவால் குரங்குகள் வந்தால் கிளைகள் பேசும். இருவாச்சியைப் பார்ப்பதற்கு முன்பே காதால் அறியலாம். அதன் சிறகின் அடியில், பெரிய இறகுகளின் அடித்தண்டை மூடும் சிற்றிறகுகள் இல்லை. இறகுகளின் இடைவெளியில் காற்று புகுந்து, ஒவ்வொரு வீச்சுக்கும் 'ஹூஷ்' என்று பழைய ரயில் எஞ்சின்போல ஓசை எழும். அந்த ஓசை கேட்டபின் கேமராவைத் தூக்கினால் போதும்; நேரம் இருக்கிறது.

பகலைவிட இரவு எனக்குப் பிடிக்கும். வனத்துறையின் அனுமதியோடும் ஊர்க்காரர் துணையோடும் மட்டும் போகவேண்டிய நேரம் அது. யானைக்காட்டில் அந்தத் துணிச்சலும் வேண்டாம். இரவில் நடப்பவற்றில் பலவற்றுக்கு விழித்திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் படலம் இருக்கிறது. உள்ளே நுழைந்த ஒளி விழித்திரையில் பிடிபடாமல் தப்பினால், இந்தப் படலம் அதைத் திருப்பி அனுப்பி இரண்டாம் முறை பிடிக்க வைக்கும். அதிலும் தப்பியது வந்த வழியே வெளியேறும். அதுதான் நாம் காணும் கண்ணொளி. வந்த வழியே திரும்புவதால்தான் ஒரு சூட்சுமம்: டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் அந்த ஒளி உங்கள் இடுப்புக்குத்தான் திரும்பும். நெற்றியில் கட்டிக்கொள்ளவேண்டும், அல்லது கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்கவேண்டும். இந்த ஒரு மாற்றத்தில் எதுவுமே இல்லாதிருந்த காட்டில் பொட்டுப் பொட்டாகக் கண்கள் எரியும். தேவாங்கின் கண்கள் செம்மஞ்சள் கனல். இரண்டும் நெருக்கமாக, முன்னோக்கி இருக்கும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்க் காடுகளைத் தேவாங்குக்கான சரணாலயமாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. நாட்டில் அப்படியொன்று அதுதான் முதல். தரையில், புல்லுக்குள், பச்சையும் நீலமுமாகப் பனித்துளிபோல மின்னுபவை ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். அவற்றுக்கும் கண்ணுக்குள் கண்ணாடி உண்டு. இதைப் பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. வீட்டுப் பின்புறத்துப் புல்தரை போதும்.

தவளைக்கு இருவர் வேண்டும். கட்டைவிரல் நகமளவு புதர்த்தவளை ஒன்று காதைப் பிளக்கும்படி 'டிக் டிக்' என்று கத்தும். எங்கிருந்து என்று மட்டும் தெரியாது. ஒருவர் இங்கும் மற்றவர் பத்தடி தள்ளியும் நின்று, அவரவர் காதுக்குத் தோன்றும் திசையில் டார்ச்சைக் காட்டவேண்டும். இரண்டு ஒளிக்கற்றைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தவளை இருக்கும். நில அளவையர் செய்யும் அதே முக்கோணக் கணக்கு.

இருட்டுக்கும் மழைக்கும் பயந்து அறைக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1855இன் கடைசியில் சரவாக்கின் ஒரு குன்றின்மேல், வெள்ளையடித்த தாழ்வாரத்தில் விளக்கை ஏற்றி வைத்து அந்துப்பூச்சி பிடித்தார். 26 இரவுகளில் 1,386 பூச்சிகள். அவற்றில் 800க்கும் மேல் வெறும் நான்கு இரவுகளில் வந்தவை. அந்த நான்கும் கும்மிருட்டும் கொட்டும் மழையுமான இரவுகள். நிலாவொளியில் அவருடைய விளக்கு எடுபடவில்லை.

இனி கேமரா. மழைக்காட்டில் எடுத்த படம் ஏன் எப்போதும் கலங்கலாக இருக்கிறது என்று கேட்காதவர் இல்லை. விடை ஒரு பெருக்கல் கணக்கு. மர உச்சியில் விழும் ஒளியில் ஒன்று இரண்டு சதவீதம்தான் தரைக்கு வருகிறது. வெட்டவெளி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறன்) 400, துளை எஃப் 5.6 என்று வைத்தால் 1/3200 நொடியில் படம் பிடிக்கலாம். இரண்டு சதவீதம் என்றால் ஐம்பதில் ஒரு பங்கு; அதே அமைப்பில் காட்டுத்தரையில் ஷட்டர் 1/60 நொடிக்கு இறங்கிவிடும். 400 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடிக்க 1/400ஆவது வேண்டும் என்பது பழைய விதி. இன்றைய லென்ஸ்கள் கைநடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் பறவை தலையைத் திருப்புவதை எந்த லென்ஸாலும் நிறுத்த முடியாது. ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றினால் 1/500 கிடைக்கும். படத்தில் மணல் தூவியதுபோல இருக்கும். இருக்கட்டும். மணல் தூவிய கூர்மையான படம், வழவழப்பான கலங்கல் படத்தைவிட எவ்வளவோ மேல். புதியவர்கள் ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற ஏன் இப்படிக் கூசுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

மா. கிருஷ்ணனை இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். ஒரு கம்பெனியின் உடலும் இன்னொன்றின் லென்ஸுமாகத் தானே பூட்டிச் சேர்த்த கேமரா. அதன் கனத்தைக் கேலி செய்து அவரே அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அன்றைய வண்ண ஃபிலிமின் வேகம், அதாவது ஐ.எஸ்.ஓ., 64. மேலே சொன்ன கணக்கை அதற்குப் போட்டுப் பாருங்கள்; காட்டுத்தரையில் 1/10 நொடி வரும். யானை காதசைத்தாலே அதில் கலங்கிவிடும். அந்த ஒளியில், நடந்தே போய், தும்பிக்கை மயிர் தெரியும் அளவுக்குப் படமெடுத்திருக்கிறார்.

இரண்டு சிறு விஷயங்கள். மழைக்காட்டுக்கு வெயில் நாள் ஆகாது. இலை இடுக்கில் விழும் வெயில் பொட்டுகள் படத்தைக் கறுப்பும் வெள்ளையுமாகக் கிழித்துவிடும். மூட்டமான நாளே நல்லது, மழை விட்ட உடனே இன்னும் நல்லது. மரத்தின்மேல் இருக்கும் குரங்கு வெள்ளை வானத்தின் முன்னால் கரித்துண்டாகத் தெரிந்தால், வெளிச்ச அளவை ஒன்றிலிருந்து இரண்டு படி கூட்டுங்கள். வானம் வெளிறிப்போகும், முகம் வரும்.

வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுக்கு அருகே வரையாடு சாலையோரத்திலேயே நிற்கும். கார்க் கண்ணாடியை இறக்கி எடுத்துவிடலாம். ஊரை அடுத்த புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும், சில ஆயிரங்களே எஞ்சியிருக்கும் குரங்கு. அதை அருகில் வரவைக்க ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்ததைப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் வந்திருக்கும். அந்தக் குரங்கு மறுநாள் அடுத்த காரைத் தேடி, பாலத்தை விட்டுச் சாலையில் இறங்கும். வண்டி அடித்துச் சாகும் குரங்குகளுக்குப் பின்னால் பல நேரம் ஒரு பிஸ்கட் இருக்கிறது. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இதே வகைதான். எதிரி வந்துவிட்டான் என்று நம்பிக் கூட்டை விட்டுச் சண்டைக்கு வருகிறது அது. நாம் படம் எடுக்கிறோம். தவளைக்காகக் கட்டையைப் புரட்டுகிறவர்கள் திரும்ப அதை அப்படியே வைப்பதில்லை. அடியில் இருந்த ஈரம் ஒரு வெயிலில் போய்விடுகிறது.

அன்று தவளைவாயனை நான் ஏழு படம் எடுத்தேன். ஃபிளாஷ் போடவில்லை. 1/15 நொடி; பெரியவர் தன் கம்பைக் கொடுத்தார், அதன்மேல் லென்ஸைத் தாங்கி எடுத்தேன். ஆறு கலங்கல். ஒன்றில் அந்தக் கீற்றுக்கண் கூர்மையாக இருக்கிறது. பறவைகள் இரண்டும் கடைசிவரை அசையவில்லை; அசையாததால் பயப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அசையாமல் இருப்பதுதான் அவற்றின் பயம். ஐந்து நிமிடத்தில் பெரியவர் "போலாம் சார்" என்றார், நகர்ந்துவிட்டோம்.

கேமராவிலும் கைப்பேசியிலும் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். படத்தைப் பகிரும்போது மலையின் பெயரை எழுதினால் போதும். தோட்டத்தின் பெயரோ பாதையோ வேண்டாம். ஒரே கிளையில் மாதக்கணக்கில் உறங்கும் பறவைக்கு முகவரி வெளியே தெரிவதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. அந்த இணை எந்த ஊருக்கு அருகே இருந்தது என்று இந்தக் கட்டுரையிலும் நான் எழுதவில்லை.